மான் தொடாத பாத்தி

போன வாரம் என் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. ஒரு குச்சி. அதற்குக் கீழே, "வணக்கம் மேடம். இது செம்பருத்தி. நேற்று வரை இருந்தது. மான் சாப்பிடாத செடிகளின் லிஸ்ட் உங்களிடம் இருப்பதாகச் சொன்னார்கள். அவசரமாக அனுப்பவும்" என்று எழுதியிருந்தது. அனுப்பியவர், நான் வேலை பார்த்த இடத்தின் தோட்டப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் அலுவலர். செடியைப் படம் பிடித்துக் காட்டினால் பெயர் சொல்லும் செயலி ஒன்று அவரிடம் இருக்கிறதாம். அந்தக் குச்சியைக் காட்டியதற்கு 'அடையாளம் காண முடியவில்லை' என்று சொல்லிவிட்டதாம். முப்பத்தொரு வருடம் அங்கே வேலை பார்த்த எனக்கே மான் தின்று முடித்த செடியை அடையாளம் காண முடிந்ததில்லை. செயலியைக் குறை சொல்லக் கூடாது.

லிஸ்டை அனுப்பிவிட்டேன். ஆனால் அது எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிற வயது எனக்கு வந்துவிட்டது.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் இருக்கிறது அந்தப் பயிற்சி நிலையம். பெயர் வேண்டாம். வகுப்பறைகள், விடுதி, ஊழியர் குடியிருப்பு, இவற்றைச் சுற்றிப் பெரிய தோட்டம். பின்பக்கம் வேலி, வேலிக்கு அப்பால் முந்திரித் தோப்பும் புதர்க்காடும். நான் திருவந்திபுரம் பக்கத்து ஆள். கரும்பும் மணிலாக் கடலையும் போட்ட குடும்பம். தினக்கூலிக்குக் களை எடுக்க வந்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. வயலில் நாங்கள் அருகம்புல்லைப் பகையாளி மாதிரி தேடிப் பிடுங்குவோம். இங்கே அதையே பரப்பி, தண்ணீர் விட்டு, வாரம் ஒரு முறை முடி வெட்டி விட்டார்கள். அதன் மேல் நடக்காதீர்கள் என்று பலகை வேறு. சரி, சம்பளம் கொடுக்கிறவர்கள் புல்லுக்குக் காவல் இருக்கச் சொன்னால் இருந்துவிட்டுப் போகிறேன் என்று இருந்துவிட்டேன். பத்து வருடத்தில் வேலை நிரந்தரமானது. குடியிருப்பில் ஒரு வீடும் கொடுத்தார்கள். பிறகு மேஸ்திரி ஆனேன்.

மான்கள் வந்தது எப்படி என்றால், எனக்கு முந்தைய காலத்தில் யாரோ ஓர் இயக்குநர் ஆசைப்பட்டு இரண்டு புள்ளிமான்களைக் கூண்டில் வைத்திருந்தாராம். ஒரு புயலில் கூண்டின் மேல் வேப்பமரம் சாய்ந்தது. இரண்டும் தோப்புக்குள் போய்விட்டன. போனவை குடும்பத்தோடு திரும்பி வந்தன. நான் மேஸ்திரி ஆனபோது முப்பதுக்கு மேல் இருக்கும். ரோஜாதான் அவற்றுக்கு முதல் பந்தி. அடுத்தது செம்பருத்தி, காசித்தும்பை, மல்லிக் கொழுந்து. மாலையில் நட்டுவிட்டுக் கைகழுவிக்கொண்டு போவோம், காலையில் வந்தால் குழி மட்டும் இருக்கும்.

அவற்றை நான் திட்டாத நாள் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஒரு முறை முறைப்படி அனுமதி வாங்கி, மான்களை வலை கட்டிப் பிடித்து வேறு காட்டில் விடுவது என்று முடிவானது. வந்தவர்கள் பொறுமையாகத்தான் செய்தார்கள். யாரும் அடிக்கவில்லை, கூச்சல் போடவில்லை. மெல்ல மெல்ல வலைப் பக்கம் ஒதுக்கினார்கள். ஏழு மான்கள் சிக்கின. வண்டியில் ஏற்றுவதற்குள் நான்கு செத்துவிட்டன. உடம்பில் ஒரு கீறல் இல்லை. பயத்திலேயே இதயம் நின்றுவிடும், இதன் உடம்பு வாகு அப்படி என்று கால்நடை மருத்துவர் சொன்னார். அதில் ஒரு பெட்டை மானின் தலையை மடியில் வைத்துக்கொண்டு விரலில் தண்ணீர் தொட்டு அதன் வாயில் வைத்தேன். அது என்னையே பார்த்தது. பிறகு பார்க்கவில்லை. அன்று காலையில்கூட 'நாசமாப் போவ' என்று அதைத்தானோ அதன் கூட்டாளியையோ திட்டியிருந்தேன். வீட்டுக்குப் போயும் அழுதேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மிச்சமிருந்த மான்கள் ஒரு மாதம் வரவில்லை. அப்புறம் வந்தன.

மறு வருடம் தோட்டக்கலை அலுவலராகக் குமரவேல் சார் வந்தார். சிதம்பரத்துக்காரர், அதற்கென்றே பட்டம் படித்தவர், என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். என்னை அக்கா என்பார். மற்ற எல்லாரையும், தொட்டியில் இருக்கும் செடி உட்பட, 'அவங்க இவங்க' என்பார். "இவங்களுக்குத் தண்ணி போதலக்கா" என்று குரோட்டன்ஸைக் காட்டுவார். கோபம் வந்தால் 'சரி' என்பார். அதிகமான கோபம் என்றால் 'சரி, சரி'. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

அவர் கொண்டுவந்ததுதான் சேதப் பதிவேடு. தேதி, இடம், செடி, சேதம், காரணம் என்று ஐந்து கட்டம் போட்ட நீள நோட்டு. காரணக் கட்டத்தில் 'தெரியவில்லை' என்று எழுதக் கூடாது. "தெரியலன்னா தெரியுற வரைக்கும் பாருங்கக்கா. செடிக்குக் கால் கெடையாது, எங்கயும் போயிடாது" என்பார். தானும் மண்ணில் மண்டியிட்டு, சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடி எடுத்து, கடிபட்ட தண்டைப் பார்ப்பார். மானுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது. கீழ்ப்பல்லால் பிடித்து இழுக்கும், அதனால் கடித்த இடம் நார் நாராகப் பிய்ந்திருக்கும். முயல் கடித்தால் கத்தி வைத்ததுபோலச் சாய்வாக இருக்கும். புழு என்றால் இலை நடுவில் ஓட்டை. கடித்த இடம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அடிக்கோல் வைத்து அளப்பார். செத்துப்போன செடிக்கு இவ்வளவு மரியாதை எதற்கு என்று நாங்கள் முதலில் கேலி செய்தோம். அவர் காது கேட்கத்தான் செய்தோம், அவரும் சிரித்துக்கொண்டுதான் அளந்தார்.

மான் தின்னாத செடியைத் தேடும் வேலையை அவர் இணையத்தில் ஆரம்பித்தார். எந்த நாட்டு லிஸ்டோ தெரியாது. லாவெண்டர், ரோஸ்மேரி, இன்னும் வாயில் நுழையாத நாலைந்து பெயர்கள். பெங்களூரிலிருந்து தருவித்து நட்டோம். சித்திரை மாதம். பத்தாம் நாள் லாவெண்டர் எல்லாம் துடைப்பக்குச்சியாக நின்றது. சார் பதிவேட்டில் 'மான் சேதம் இல்லை' என்று சந்தோஷமாக எழுதினார்.

"சார், செத்த செடிய எந்த மான் சார் தொடும்?" என்றேன்.

கொஞ்ச நேரம் செடியையும் சூரியனையும் பார்த்தார். "காரணம் வெயிலுன்னு போடுங்கக்கா" என்றார்.

அடுத்த தப்பு என்னுடையது. ஆடும் மானும் ஏறக்குறைய ஒரே வாய்தான், ஆட்டை விட்டுப் பார்த்தால் ஒரே நாளில் தெரிந்துவிடும் என்று நான்தான் யோசனை சொன்னேன். கேன்டீன் நடத்திய ஜாபர் பாய் பரங்கிப்பேட்டைக்காரர். பக்ரீதுக்கென்று ஒரு கிடாவைக் கேன்டீன் பின்னால் கட்டி வளர்த்துக்கொண்டிருந்தார். "கூட்டிக்கினு போங்கக்கா, ஆனா கசப்பா எதுனா தின்னுட்டு வந்து வயிறு கெட்டுப் போச்சின்னா நான் பொறுப்பில்ல" என்று கொடுத்தார். பதினைந்து வகைச் செடிக்கு நடுவே கட்டினோம். அது எதையும் தொடவில்லை. ரோஜாவை முகர்ந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. ரோஜாவை வேண்டாம் என்கிற வாய் எங்கள் மண்ணில் உண்டு என்று எனக்கு ஒரே மகிழ்ச்சி. முப்பது ரோஜா நட்டோம். மறுநாள் காலை ஒன்றுகூட இல்லை. பிறகுதான் ஜாபர் பாயிடம் கிடாவின் சாப்பாட்டைக் கேட்டேன்.

"ஜாஸ்தி இல்லக்கா. காலைல நாலு சப்பாத்தி, கேரட்டு, வாழப்பழத் தோலு ஒரு பக்கெட்டு. அவ்ளோதான்."

குமரவேல் சார் 'சரி' என்றார்.

அதன் பிறகுதான் ஒழுங்கான வழிக்கு வந்தோம். ஒவ்வொரு செடியிலும் ஐந்து தொட்டி. வேலியில் மான் நுழைகிற சந்துக்கு நேரே தொட்டிகளைப் பாதி மண்ணில் புதைத்து வைப்போம், இல்லாவிட்டால் முட்டித் தள்ளிவிடும். தினமும் காலையில் போய்ப் பார்த்து எழுத வேண்டும். முதல் இரண்டு நாள் சேர்த்தி இல்லை. புதிதாக எதை வைத்தாலும் மான் ஒரு வாய் பார்க்கும். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியை எடுக்கிற மாதிரி, பசி என்று இல்லை, ஒரு மரியாதைக்கு. மூன்றாம் நாளிலிருந்து தொடவில்லை என்றால்தான் தொடவில்லை என்று அர்த்தம். அதே செடியைக் கொழுந்து விட்டதும் மறுபடி வைக்க வேண்டும், முற்றிய இலையை வேண்டாம் என்ற மான் கொழுந்தை விடாது. கோடையில் ஒரு முறையும் வைத்துப் பார்க்க வேண்டும். காய்ந்த வயிறு எதையும் தின்னும்.

இப்படி ஒன்றரை வருடம். நின்றது இவ்வளவுதான்: பால் வடிகிற வகையில் அரளியும் நந்தியாவட்டையும். வாடை அடிக்கிற வகையில் துளசி, திருநீற்றுப்பச்சை, நொச்சி, துளுக்க சாமந்தி. கசக்கிற வகையில் ஆடாதொடை, நித்தியகல்யாணி. முள்ளும் பாலும் சேர்ந்த கள்ளி வகைகள். கிழங்கு வகையில் ஸ்பைடர் லில்லி. குழந்தைகள் ஓடியாடுகிற பக்கம் அரளி கூடாது என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன், மான் ஒதுக்குவதைக் குழந்தை ஒதுக்காது. சார் ஒத்துக்கொண்டார். தோப்புக்குள் மான்களுக்கென்று ஒரு தண்ணீர்த் தொட்டியும் கட்டினோம். தாகத்துக்கு வந்த மான்தான் பாதி நாள் தோட்டத்துக்குள் வந்து மேய்ந்துகொண்டிருந்தது என்பது அப்புறம்தான் புரிந்தது.

இந்த லிஸ்டைப் படிக்கும்போதே உங்களில் சிலர் சிரித்திருப்பீர்கள். எங்களுக்குத்தான் அப்போது உறைக்கவில்லை.

அந்தச் சமயத்தில் இயக்குநராக இருந்தவர் ஓர் அம்மையார். கண்டிப்பானவர், ஆனால் நியாயம் பார்ப்பவர். நுழைவாயிலுக்கு எதிரே இருந்த நீளப் பாத்தி பல வருடமாக மொட்டையாகக் கிடந்தது அவருக்குப் பெரிய குறை. "வர்றவங்க முதல்ல பாக்குறது அதைத்தான். அங்க பூ இருக்கணும்" என்று குமரவேல் சாரைக் கூப்பிட்டுச் சொன்னார். நாங்கள் தை மாதத்தில் நந்தியாவட்டையும் செவ்வரளியும் நன்றாக வளர்ந்த செடிகளாகவே வாங்கி நட்டோம். வைகாசியில் மொட்டு வைத்தது. மாலையில் போய்ப் பார்த்தால் செடி முழுக்க மொட்டு. காலையில் ஏழு மணிக்கு மேடம் நடைப்பயிற்சிக்கு வரும்போது ஒரு பூ இருக்காது.

பதிவேட்டை எழுதியது நான். முதல் நாள் பாத்தி ஓரத்தில் குளம்புத் தடம் இருந்தது. காரணம்: மான் என்று எழுதினேன். மறுநாளும் பூ இல்லை. 'மேற்படி' என்று எழுதினேன். அதற்கு மறுநாளும் மேற்படி. அப்புறம் கட்டத்துக்குக் கட்டம் மேற்படிதான். போய்க் குனிந்து பார்க்கவில்லை. மான் என்றால் மான்தானே, முப்பது வருடமாக எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். ஆனி முழுக்க ஒரே மேற்படி.

ஆடி இரண்டாம் வாரம், புதன்கிழமை, மேடம் என்னையும் சாரையும் கூப்பிட்டார். மேசை மேல் ஒரு கடிதம் இருந்தது. மான்களைப் பிடித்து அப்புறப்படுத்த ஏற்பாடு செய்யும்படி மேலிடத்துக்கு எழுதியது. கீழே ஆதாரம் என்று எங்கள் பதிவேட்டின் நகல் இணைத்திருந்தது. என் கையெழுத்து, பக்கம் பக்கமாக மேற்படி.

"ஒன்றரை வருஷம் டைம் குடுத்தேன். மான் தொடாதுன்னு நீங்க நட்ட செடியையே அது விடலன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. நான் வேற என்ன செய்யறது?" என்றார். குரலில் கோபம் இல்லை. வெள்ளிக்கிழமை தபாலில் போகும் என்றார்.

மடியில் அந்தத் தலையின் கனம் மறுபடி வந்து உட்கார்ந்தது. வெளியே வந்ததும் நேரே பாத்திக்குப் போய் மண்டியிட்டேன், இரண்டு மாதம் கழித்து. சார் பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். அது தேவையே படவில்லை. ஒரு இலைகூடக் கிழியவில்லை. பூ இருந்த காம்பு நகத்தால் கிள்ளியதுபோல் சுத்தமாக இருந்தது. சார் உயரத்தை அளந்தார். மான் வாய் எட்டாத உச்சிக் கிளையிலும் பூ இல்லை.

"மேற்படின்னா எது மேற்படிக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

மறுநாள் வியாழன், விடிந்தும் விடியாத நேரத்தில் நானும் அவரும் பாத்திக்கு எதிரே மோட்டார் அறைக்குப் பின்னால் நின்றோம். சார் படம் எடுக்கக் கைபேசியைத் தயாராக வைத்திருந்தார். முதலில் வந்தவர் விடுதிக் காப்பாளர், கையில் மஞ்சள் பை. அடுத்து கணக்குப் பிரிவுக்காரர், நடைப்பயிற்சி செருப்போடு. வாயில் காவலர் தொப்பியைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வந்தார். அதில்தான் பூவைப் போட்டார். ஒவ்வொருவரும் பக்தியோடு, செருப்பைக்கூடக் கழற்றிவிட்டுப் பறித்தார்கள்.

"செவப்ப எனக்கு வுடுங்க சார், நேத்து நீங்கதான் எடுத்தீங்க" என்றார் காவலர்.

"எடுத்துக்குங்க. இந்த மானுங்க எங்க வுடுது? இருக்கறது இவ்வளவுதான்" என்றார் காப்பாளர், பையை முடிச்சுப் போட்டபடியே. அவர் பொய் சொல்லவில்லை. மனதார நம்பித்தான் சொன்னார்.

பிறகு சாரின் மனைவி சாரதா வந்தார், கிண்ணத்தோடு. சார் கைபேசியை மெல்லக் கீழே இறக்கினார். "சரி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சரி, சரி" என்றார். கடைசியாக மேடம் வீட்டில் வேலை செய்யும் முனியம்மா பித்தளைப் பூக்கூடையோடு வந்து மிச்சம் மீதியைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனபோது மூன்றாவது 'சரி'யும் வந்தது.

நான் சிரிக்கவில்லை. என் வீட்டுச் சாமிப் படத்துக்கும் தினமும் இரண்டு நந்தியாவட்டை அங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. வேலைக்கு வரும்போதே கிள்ளி முந்தானையில் முடிந்துகொள்வேன். அதற்குப் பிறகுதான் பதிவேட்டில் மேற்படி எழுதுவேன். சாமிக்குப் பூ பறிப்பதைச் சேதம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மான் தொடாத செடி எது எது என்று ஒன்றரை வருடம் பார்த்துப் பார்த்து, பூஜைக்கு வேண்டிய அத்தனையையும் ஒரே பாத்தியில் நட்டு வைத்திருந்தோம். அரளி, நந்தியாவட்டை, ஓரத்தில் துளசி. கோயில் நந்தவனத்தில் இருப்பது வேறென்ன?

சார் பதிவேட்டைத் திறந்தார். காரணக் கட்டத்தில் 'மனிதர்' என்று எழுதினார். அடுத்து ஒரு தாளில் பெயர்களை எழுத ஆரம்பித்தார். முதல் பெயர், திருமதி சாரதா குமரவேல்.

"சார், என் பேரையும் எழுதுங்க" என்றேன். "ரெண்டு பூ, தெனமும். மேற்படிய அடிச்சிட்டு, தப்பா எழுதனதும் நான்தான்னு போடுங்க."

என்னை ஒரு முறை பார்த்துவிட்டு எழுதினார். ஆறாவதாக, 'இயக்குநர் இல்லம், தினமும், ஒரு கூடை' என்று எழுதும்போதும் அவர் கை நிற்கவில்லை.

மேடம் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். ஆறாம் எண்ணில் கண் நின்றது தெரிந்தது. வீட்டுக்குப் போன் போட்டு, "முனியம்மா, இன்னிக்குப் பூ எங்கேருந்து எடுத்தே?" என்று கேட்டார். என்ன பதில் வந்ததோ, வைத்துவிட்டார்.

"ஒரு நாள் பாத்ததை வச்சி ரெண்டு மாசத்தையும் முடிவு பண்ண முடியாது குமரவேல். பாதிய மனுஷங்க எடுத்திருக்கலாம், பாதிய மான் தின்னிருக்கலாம். நாளைக்குக் காலைல நானே வந்து பாக்குறேன். ஒருத்தர்கூடக் கை வைக்கக் கூடாது. அப்பவும் பூ இல்லன்னா லெட்டர் போகும்."

"நாளைக்கு ஆடி வெள்ளி மேடம்" என்றேன்.

"தெரியும். எங்க வீட்லயும் சாமி இருக்கு."

ஆடி வெள்ளியில் ஒரு குடியிருப்பு முழுவதையும் பூ பறிக்காமல் இருக்கச் சொல்வது லேசுப்பட்ட காரியமில்லை. ஒரு சுற்றறிக்கை ஒட்டலாம் என்றார் சார். "ஒட்டுனா மொதல்ல அதப் படிச்சிட்டு, அப்புறம் நமக்கு மட்டும் ரெண்டு பூன்னு பறிப்பாங்க சார்" என்றேன். அன்று மாலை இருபத்திரண்டு வீட்டுக் கதவையும் தட்டினேன். எல்லா வீட்டிலும் காபி கொடுத்தார்கள். எல்லா வீட்டிலும், "சாமிக்குத்தானேக்கா" என்றார்கள். ஜாபர் பாய் மட்டும், "என் வூட்ல இந்தப் பிரச்சினையே இல்லக்கா, வேணும்னா காலைல வந்து காவலுக்கு நிக்கறேன்" என்றார்.

விடுதிக் காப்பாளருக்குத்தான் ரோஷம். "சாமிக்கு ரெண்டு பூ எடுக்குறது திருட்டாக்கா? லிஸ்ட்ல பேரு போட்டு மேடத்துக்கு அனுப்புவீங்களா?"

"என் பேரும் இருக்குது சார். திருட்டுன்னு சொல்லல. ஆனா பழி மான் மேல வுழுது. அதுங்களுக்கு வலையப் பாத்தாலே உசுரு போயிடும். மடியில வச்சிப் பாத்தவ சொல்றேன்." "நாளைக்கு ஒரு நாள் சார். ஒரே ஒரு நாள்."

உள்ளேயிருந்து அவர் மனைவி, "குங்குமத்துல பண்ணிக்கலாம், நீங்க போயிட்டு வாங்கக்கா" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை மோட்டார் அறைப் பக்கம் நானும் சாரும் நின்றோம். தூங்கியிருக்கவில்லை இருவரும். காவலர் தொப்பியைத் தலையிலேயே வைத்துக்கொண்டு வாயிலில் நின்றார். காப்பாளர் வந்தார். பாத்தியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போனார். வெளிச்சம் வர வர, பாத்தி தெரிய ஆரம்பித்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வெள்ளையும் சிவப்புமாக. நட்டது நாங்கள்தான். இவ்வளவு பூக்கும் என்று எங்களுக்கே தெரியாது.

மேடம் வந்தார். கையில் கடிதம் இருந்தது. பாத்தியைப் பார்த்து நின்றுவிட்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், அப்போதுதான் புல்தரையின் அந்தப் பக்கம் மான்கள் வந்தன. நான்கு பெரியவை, ஒரு குட்டி. மேய்ந்தபடியே நேரே பாத்தியை நோக்கி வந்தன. இரண்டு மாதத்துக்கும் ஒன்றரை வருடத்துக்கும் சேர்த்துப் பரீட்சை அங்கே நடந்துகொண்டிருந்தது. பெரியவை அரளி வாடைக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டன. குட்டி மட்டும் கழுத்தை நீட்டி ஒரு நந்தியாவட்டைப் பூவை இலையோடு இழுத்தது.

மேடத்தின் விரல்கள் கடிதத்தை இறுக்கின. எனக்குக் கத்தி விரட்ட வேண்டும் போலிருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

குட்டி இரண்டு மெல்லு மெல்லியது. நாக்கை வெளியே நீட்டியது. பூவைக் கீழே துப்பிவிட்டுத் தலையை உதறியது. பிறகு தாயின் பக்கம் ஓடிப் புல்லை மேய ஆரம்பித்தது.

மான்கள் வேலிப் பக்கம் போய் மறைந்த பிறகுதான் மேடம் பேசினார். "இதை உரக்குழியில போட்டுடுங்க" என்று கடிதத்தை என்னிடம் கொடுத்தார். சாரிடம், "குடியிருப்புக்குப் பின்னால பூஜைக்குன்னு தனியா ஒரு பாத்தி போடுங்க. எங்க வீட்டுக்கும் சேத்து" என்றார். இரண்டடி போனவர் திரும்பி அந்தப் பாத்தியை இன்னொரு முறை பார்த்தார். ஒரு பூவைத் தொடப் போன கையை இழுத்துக்கொண்டு நடந்தார்.

அந்த ஆடி வெள்ளியில் இரண்டு வீட்டார் கடலூர் மஞ்சக்குப்பம் வரை போய்ப் பூ வாங்கி வந்ததாகக் கேள்வி. மற்றவர்கள் வீட்டுச் சாமிக்கெல்லாம் குங்குமம்தான். நான் வீட்டுக்கு வந்து குளித்து விளக்கேற்றினேன். படத்தில் முந்தின நாள் பூ வாடிக் கிடந்தது. அதை எடுத்துவிட்டுச் சும்மா கையோடு நின்றேன். "இன்னிக்கு ஒனக்கு ஒண்ணும் கொண்டாரல" என்று சாமியிடம் சொன்னேன். "முப்பது உசுரு தோப்புல நிம்மதியா மேயுது. அதான் இன்னிக்குப் பூ." சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. சிரிப்பும் சேர்ந்து வந்தது. சாமி அதை ஏற்றுக்கொண்டது என்றுதான் இன்று வரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.